மலை ஏறலாம், இறங்குவது எப்படி?



புரட்டாசி நெருங்குகிறது. திருமலைக்கு நடந்து போகும் குழுக்கள் சிட்லபாக்கத்தில் தெருவுக்குத் தெரு பேசி முடிவு செய்துகொண்டிருக்கின்றன. இந்த மாதம் நமக்கு வந்த கடிதங்களில் பல, அறுபதைத் தொட்டவர்கள் எழுதியவை. "முட்டி வலி இருக்கிறது, ஏறலாமா?" என்று கேட்கிறார்கள்.

ஏறுவதைப் பற்றித்தான் எல்லோருக்கும் கவலை. முட்டிக்கு உண்மையான சோதனை இறங்கும்போதுதான். ஏறினால் மூச்சு வாங்கும். கொஞ்சம் உட்கார்ந்தால் அடங்கிவிடும். படியில் இறங்கும்போதோ உடல் எடையைப்போல் மூன்று மடங்குக்கும் மேலான பாரத்தை முட்டி தாங்குகிறது. நம்மை விழாமல் பிடித்து நிறுத்துவது தொடையின் முன்பக்கத் தசை. அது களைத்துப்போனால் கால் வெடவெடக்கும், அதிர்ச்சியெல்லாம் மூட்டுக்குப் போய்விடும். ஏரிக்கரையில் தினமும் நடப்பவர்களும் மலையிறங்கித் தவிப்பது இதனால்தான். சமதரையில் நடக்கும்போது அந்தத் தசைக்கு இந்த வேலை வருவதில்லை.

பழகிக்கொள்ளப் பக்கத்திலேயே இடம் இருக்கிறது. குரோம்பேட்டைத் தண்டவாளத்தைத் தாண்டிப் போனால் திருநீர்மலை. 108 திவ்யதேசங்களில் ஒன்று. அடிவாரத்தில் பெருமாள் நின்ற கோலம். மேலே நரசிம்மராக இருந்த கோலம், ரங்கநாதராகக் கிடந்த கோலம், உலகளந்தவராக நடந்த கோலம். சின்ன மலைதான். காலை வெயிலுக்கு முன் ஏறி, நிதானமாக இறங்கிப் பாருங்கள். ஏறும்போது நல்ல காலை முதலில் வையுங்கள்; இறங்கும்போது வலிக்கிற கால் முதலில் இறங்கட்டும். இரண்டு காலும் ஒரே படியில் சேர்ந்த பிறகு அடுத்த படி. கைத்தடி எடுத்துக்கொள்ளக் கூச்சப்படவே வேண்டாம். வீட்டில் நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுந்தாலும் அதே தசைக்கு வலு ஏறும். முட்டி வீங்கினாலோ, மடக்கும்போது சிக்கிக்கொண்டாலோ முதலில் மருத்துவரிடம் காட்டுங்கள். சித்த மருத்துவத்தில் நம்பிக்கை உள்ளவர்களுக்கு, தாம்பரம் சானடோரியத்தில் 2005 முதல் தேசிய சித்த மருத்துவமனை இருக்கிறது.

தசை வலுப்பட இரண்டு மூன்று மாதமாவது ஆகும். இந்தப் புரட்டாசிக்குள் முடியாது என்றால் தை கழித்துப் போங்கள். திருமங்கையாழ்வாரே திருநீர்மலையைச் சுற்றி வெள்ளம் நின்றதால் ஆறு மாதம் காத்திருந்து சேவித்தார் என்பது ஐதீகம்.

திருமலைக்கு இரண்டு நடைபாதைகள். ஸ்ரீவாரி மெட்டு 2 கிலோமீட்டர் சொச்சம், 2,388 படி; தூரம் குறைவு, ஆனால் ஏற்றம் விடாது. அலிபிரி சுமார் 9 கிலோமீட்டர், 3,550 படி. காலி கோபுரம் வரை மூச்சு முட்டும், அதற்கப்புறம் சேஷாசலக் காட்டுக்குள் மரநிழலில் சமமான நடை கிடைக்கும். முட்டி வலிக்காரர்களுக்கு நான் அலிபிரியைத்தான் சொல்வேன். முடியப்போகும் நேரத்தில் வருவது மோகாள்ள மெட்டு. ராமானுஜர் அந்தச் செங்குத்தை முழங்காலாலேயே ஏறினார் என்பார்கள். அங்கே மட்டும் அவசரம் வேண்டாம்.

தரிசனம் முடிந்ததும் பஸ்ஸில் இறங்கிவிடுங்கள். 1944இல் திறந்த மலைப்பாதை அதற்காகவே இருக்கிறது. நடந்து ஏறுவதாகத்தானே வேண்டிக்கொள்கிறோம்! வெள்ளியங்கிரியில் இந்த வசதி கிடையாது. ஏழு மலை ஏறினால் ஏழையும் காலால்தான் இறங்கியாக வேண்டும். பூண்டி அடிவாரத்தில் ஆளுக்கொரு மூங்கில் தடி வாங்குவது அதற்குத்தான். முட்டித் தேய்மானம் உள்ளவர்கள் அந்த மலையைத் தயவுசெய்து யோசிக்க வேண்டாம்.

அறுபது தாண்டி, சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு நோய் உள்ளவர்கள் நடந்து வர வேண்டாம் என்று திருமலை தேவஸ்தானமே கேட்டுக்கொண்டிருக்கிறது. உங்கள் மருத்துவரும் அதையே சொன்னால், மேலேயும் பஸ்ஸிலேயே போய் வாருங்கள். கோவிந்தா போடக் குரல் போதும். திருநீர்மலை உங்களுக்கு வருஷம் முழுக்க இருக்கிறது.

நடந்து போய் வந்தவர்கள் எழுதுங்கள்: எங்கே உட்கார்ந்தீர்கள், எந்த இடத்தில் கால் பிடித்துக்கொண்டது, எந்தச் செருப்பு உதவியது. அடுத்த இதழில் வெளியிடுகிறோம். பின்னால் கிளம்புகிறவர்களுக்குப் பயன்படும்.

அன்புடன்,
ஆசிரியர்