நூத்து இருபத்தஞ்சு பர்சென்ட்

பக்கத்து சீட் நண்பர் ராஜினாமாக் கடிதத்தை, தேதி மட்டும் போடாமல், டீ வேளையில் என்னிடம் நீட்டினார். வீட்டுக் கடன் பாக்கி இருக்கிறது, கைக்குழந்தை வேறு.

'என்னய்யா இது?'

'அஞ்சு இன்டர்வியூ வந்திருக்கு ஸார். ஒவ்வொண்ணுலயும் நாலுல ஒரு சான்ஸ்னு வெச்சுக்குங்க. அஞ்சையும் கூட்டினா ஒண்ணேகால். நூத்து இருபத்தஞ்சு பர்சென்ட் கேரன்ட்டி!'

மிச்ச இருபத்தஞ்சில் எனக்கும் ஒரு வேலை கிடைக்குமா என்று கேட்டேன். சிரிக்கவில்லை. சீரியஸாகத்தான் இருக்கிறார்.

நிகழ்தகவு என்று பள்ளிக்கூடத்தில் படித்தோமே, அதற்கு நடமாட ஒரே ஒரு முழம்தான் இடம். பூஜ்யத்திலிருந்து ஒன்று வரை. தாயக்கட்டை இல்லை, ஆறு முகப் பகடை. அதில் ஏழு விழுவது பூஜ்யம். ஒன்றிலிருந்து ஆறுக்குள் ஏதோ ஒன்று விழுவது 1. 'நடக்கவே நடக்காது' என்பதற்குக் கீழே போக ஏது இடம்? அதனால் மைனஸ் கிடையாது. 'கட்டாயம் நடக்கும்' என்பதற்கு மேலேயும் மாடி கிடையாது. அரை, 0.5, ஐம்பது பர்சென்ட் எல்லாம் ஒரே ஆசாமி, சட்டைதான் வேறு.

1933-ல் கோல்மோகோரோவ் என்கிற ரஷ்யர் இதையெல்லாம் விதிகளாகவே எழுதி வைத்துவிட்டார். அதில் ஒன்றில்தான் நண்பர் சறுக்கினார். ஒன்று நடந்தால் மற்றது நடக்க முடியாது என்றால் மட்டும்தான் அப்படியே கூட்டலாம். இரண்டு கம்பெனியுமே இவரைக் கூப்பிடலாமே! விடை ஒன்றைத் தாண்டியதுமே உஷாராகியிருக்க வேண்டும்.

டீக்கடை பில்லின் பின்னால் போட்டுக் காட்டினேன். ஓர் இடத்தில் கிடைக்காமல் போக 0.75. அதை ஐந்து தடவை பெருக்கினால் சுமார் 0.24. ஆக, ஒரு வேலையாவது கிடைக்க 76 பர்சென்ட். வெறுங்கையோடு திரும்ப 24. அதுவும் ஒரு ரிசல்ட்டுக்கும் இன்னொன்றுக்கும் சம்பந்தமில்லை என்றால்தான். ஐந்து இடத்திலும் ஒரே கேள்விக்குத் திணறினால் 76-உம் இறங்கும்.

'எத்தனை இன்டர்வியூ போனா சரியா ஒண்ணு வரும்?'

'பத்து போனாக்கூடத் தொண்ணூத்து நாலு சில்லறைதான்.'

'ஆர்டர் கைக்கு வந்துட்டா?'

'அப்ப ஒண்ணு. தாராளமா தேதி போடுங்க.'

கடிதத்தை நாலாக மடித்து டிராயரில் வைத்துப் பூட்டினார். கிழிக்கவில்லை. டீக்குக் காசு நான்தான் கொடுத்தேன்.