சி.டி. விற்றவரும் குண்டர்தானா?

அடுத்தவர் உழைப்பைத் திருடி விற்பது வியாபாரம் ஆகாது. இதில் நமக்குள் இரு கருத்து கிடையாது. ஆனால் தண்டனையும் எடைபோட்டுத் தர வேண்டிய சரக்குதான். தராசு ஒரு பக்கம் சாய்ந்தால் அதை எடுத்துச் சொல்வது வணிகர்களாகிய நம் கடமை.

குண்டர் சட்டம் என்று நாம் சொல்லும் 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சட்டம், கள்ளச்சாராயம் விற்போர், போதைப்பொருள் கடத்துவோர், ரவுடிகள் போன்றோருக்காக வந்தது. 2004-இல் அந்தப் பட்டியலில் 'வீடியோ திருடர்' சேர்க்கப்பட்டார். சினிமாப் படத்தையோ அதன் பாட்டையோ உரிமையின்றிப் பதிவு செய்து விற்பவர் என்று கருதினால், மாவட்ட ஆட்சியரோ போலீஸ் கமிஷனரோ உத்தரவிட்டு அவரைச் சிறையில் அடைக்கலாம். 12 மாதம் வரை வைத்திருக்கலாம். கோர்ட்டில் குற்றம் நிரூபணமாக வேண்டியதில்லை. ஆலோசனைக் குழுமத்தின் முன் வக்கீல் வைத்து வாதாடும் உரிமையும் இல்லை. உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம். ஆனால் அது முடிவதற்குள் கடை பூட்டிக் கிடக்கும், குடும்பம் கடனில் விழும்.

நம் தொழிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அத்தியாவசியப் பொருட்களைக் கள்ளச்சந்தையில் விற்போருக்கு எதிராக 1980-இல் வந்த மத்தியச் சட்டத்தில் தடுப்புக் காவல் அதிகபட்சம் ஆறு மாதம். ஜனங்கள் வயிற்றில் அடித்தவருக்கு ஆறு மாதம், சினிமாப் பாட்டைப் பதிவு செய்து விற்றவருக்கு ஓராண்டு!

நம் ஊர்ப் பட்டையே எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஓரிக்கை நெசவாளியின் வயிற்றுப்பிழைப்பைக் கெடுத்துப் போலிப் பட்டு விற்றாலும், வழக்கு நடந்து நிரூபணமான பிறகே ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. பதிப்புரிமைச் சட்டத்தின் 63-ஆம் பிரிவிலும் இதே சிறைத் தண்டனை இருக்கிறது. அப்புறம் எதற்குக் குண்டர் சட்டம்?

விசாரணை ஏன் அவசியம் என்பதற்கு ஒரு சாட்சி. தில்லிப் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்குப் பாடநூல் பக்கங்களை ஜெராக்ஸ் எடுத்துத் தந்த ஒரு சிறிய கடை மீது, ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் போன்ற பெரிய பதிப்பகங்கள் 2012-இல் சிவில் வழக்குப் போட்டன. படிப்புக்காக அப்படி நகலெடுப்பது உரிமை மீறல் ஆகாது என்று 2016-இல் தில்லி உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீட்டுக்குப் பிறகு, 2017-இல் பதிப்பகங்களே வழக்கை விலக்கிக்கொண்டன. எது நகல், எது திருட்டு என்பதை இருதரப்பும் கேட்டுத்தான் சொல்ல முடியும். நகலெடுக்கும் மெஷின் வைத்திருப்பதாலேயே ஒருவர் திருடர் ஆகிவிட மாட்டார்.

சி.டி. கடைகள் இன்று அநேகமாக மறைந்துவிட்டன. புதுப்படம் இணையத்தில் திருட்டுத்தனமாக வருகிறது. சட்டம் மட்டும் அப்படியே நிற்கிறது. பட்டியலும் வளர்கிறது. மணல் கடத்துவோர் வந்தார்கள், 2014-இல் இணையக் குற்றவாளிகள் வந்தார்கள். நாளைக்கு எந்தத் தொழிலோ?

திருட்டுச் சரக்கைக் கடையில் வைக்காமலிருப்பது நம் பொறுப்பு. அதே சமயம், பதிப்புரிமைக் குற்றத்தைக் குண்டர் சட்டத்திலிருந்து நீக்கி, சாதாரணச் சட்டப்படி கோர்ட்டில் விசாரிக்க வேண்டும் என்று நம் சங்கங்கள் தீர்மானம் போட்டு அரசுக்கு அனுப்ப வேண்டும். சினிமாக்காரர் உரிமைக்குப் பாதுகாப்பு வேண்டும்தான். சின்ன வியாபாரியின் சுதந்திரத்துக்கும் அது வேண்டும்.