ஐந்து பல் குறைந்தால் மானம் போய்விடாது

மூன்று மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சுங்காயிலிருந்து பழைய சாலையில் சைக்கிளை மிதித்து, பீடோரில் ஒரு கொய்யாக் கடையில் இறங்கினேன். பக்கத்தில் ஒரு தம்பி முழங்காலைத் தேய்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். செம்பனை ஆலையில் வேலை. ஓவர்டைம் காசைச் சேர்த்து வாங்கிய பழைய ரேஸ் சைக்கிள் மரத்தில் சாய்ந்திருந்தது.

"அங்கிள், தாப்பாவிலிருந்து கேமரன் ஏறணும்னு மூணு தடவை போயிட்டேன். லாத்தா இஸ்கண்டார் நீர்வீழ்ச்சிகிட்ட வர்றதுக்குள்ள முட்டி விட்டுப்போகுது. திங்கட்கிழமை ஆலையில நிக்க முடியல. இதை வித்துடலாம்னு இருக்கேன்."

சைக்கிளைத் திருப்பிப் பார்த்தேன். பெடல் பக்கம் பெரிய பல்சக்கரத்தில் 53 என்று பொறித்திருந்தது, சின்னதில் 39. பின்னால் ஆகப்பெரிய சக்கரத்துக்கு 25 பல்.

"விக்காதீங்க தம்பி. முதல்ல கிராங்கை மாத்துங்க" என்றேன்.

இந்த வாரம் அதைப் பற்றித்தான். கிராங்க் என்பது இரண்டு பெடல் கைகளும் அவற்றோடு சேர்ந்த முன்பக்கப் பல்சக்கரங்களும். 53/39 என்பது பந்தயக்காரர்களின் பழைய அளவு. 50/34 என்பதைத்தான் 'காம்பேக்ட்' என்கிறார்கள்.

கணக்கு சிரமமில்லை. ரேஸ் சைக்கிளின் சக்கரம் ஒரு முறை சுற்றினால் ஏறக்குறைய 2.1 மீட்டர் ஓடும். 39/25-இல் பெடலை ஒரு சுற்று மிதித்தால் சைக்கிள் 3.3 மீட்டர் நகர வேண்டும். 34/28 என்றால் 2.55 மீட்டர் போதும். மேட்டில் மணிக்கு 9 கிலோமீட்டர் வேகம்தான் நம்மால் முடியும் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் கியரமைப்பில் நிமிடத்துக்கு 46 சுற்றுதான் வரும். ஒவ்வொரு சுற்றிலும் உடல் எடை முழுவதையும் பெடலில் இறக்க வேண்டும். இரண்டாவதில் 59 சுற்று. அதே வேகம், அதே மலை. முட்டிமேல் விழும் பாரம் மட்டும் குறைகிறது.

தாப்பாவிலிருந்து தானா ராத்தா 60 கிலோமீட்டருக்குப் பக்கம். உயரம் 1,400 மீட்டருக்கு மேல். பயமுறுத்தும் செங்குத்து அதிகமில்லை. ஆனால் வளைவுக்குப் பின் வளைவு என்று ஏற்றம் மணிக்கணக்கில் நீளும். தப்பான பல்லோடு ஏறினால் அந்த மணிக்கணக்கு முழுவதையும் முட்டிதான் சுமக்கும்.

இந்தப் பாடம் எனக்கும் இலவசமாகக் கிடைக்கவில்லை. 50 வயதில் ரேஸ் சைக்கிள் வாங்கினேன். பந்தயக்காரர்கள் வைத்திருப்பதுதான் வேண்டும் என்று பளபளக்கும் 53/39 கிராங்குக்கு 600 வெள்ளி கொடுத்தேன். கடைக்காரர் என் வயதையும் கேட்கவில்லை, எந்தச் சாலையில் ஓட்டுவேன் என்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. இரண்டு வருடம் முட்டிக்குத் தைலம் தேய்த்தேன். காம்பேக்ட் கிழவர்களுக்கும் பெண்களுக்கும்தான் என்று ஒரு நண்பர் சொன்னதை நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்தப் பேச்சு 100 வருடத்துக்கும் மேல் பழையது. டூர் டி பிரான்ஸ் பந்தயத்தைத் தொடங்கிய ஹென்றி தெகிராஞ்ச், மாற்றும் கியர் 45 வயது தாண்டியவர்களுக்குத்தான் என்று 1902-இலேயே எழுதினார். கியர் மாற்றும் டீரெய்லரை அந்தப் பந்தயத்தில் 1937-இல்தான் அனுமதித்தார்கள். இன்று அது இல்லாமல் எந்த வீரரும் மலைக்குப் போவதில்லை.

என் அப்பா பால்மரம் வெட்டியவர். பழைய இரும்பு சைக்கிளின் இரண்டு பக்கமும் பால் தோம்பைக் கட்டிக்கொண்டு வருவார். லயத்துக்கு முன்னால் இருந்த மேட்டில் இறங்கித் தள்ளுவார். "ஏம்ப்பா மிதிச்சு ஏற மாட்டீங்களா?" என்று ஒருநாள் கேட்டேன். "பால் சிந்தாம போய்ச் சேரணும், அவ்வளவுதான்டா" என்றார். அவருக்கு இருந்தது ஒரே கியர். எனக்கு 18 இருந்தும் அந்தப் புத்தி வரத் தாமதமாயிற்று.

சரி, குறைந்த செலவில் வாங்குவது எப்படி? கடைக்குப் போகுமுன் நான்கு விஷயங்களைப் பாருங்கள்.

முதலாவது, இருக்கும் கிராங்கில் சின்னச் சக்கரத்தை மட்டும் மாற்றினால் போதாதா என்று கேட்பீர்கள். ஐந்து போல்ட் உள்ள 53/39 கிராங்கில் பெரும்பாலும் 38 பல்லுக்குக் கீழே போக முடியாது. போல்ட் வட்டம் பெரிது. ஒரு ரூலரால் பக்கத்துப் பக்கத்து போல்ட் இரண்டின் நடுப்புள்ளிகளை அளந்து பாருங்கள். 7.6 சென்டிமீட்டர் வந்தால் பழைய அளவு. 6.5 வந்தால் காம்பேக்ட். பழைய சாமான் வாங்கும்போது விற்பவர் என்ன சொன்னாலும் ரூலர் பொய் சொல்லாது. நான்கு போல்ட் உள்ள புதிய கிராங்குகளுக்கு இந்த அளவு பொருந்தாது, பல்லை எண்ணிவிடுங்கள்.

இரண்டாவது, பாட்டம் பிராக்கெட். பெடல் அச்சு சுழலும் அந்தப் பகுதி எந்த வகை என்று தெரியாமல் கிராங்க் வாங்காதீர்கள். பழைய சைக்கிள்களில் அச்சின் முனை சதுரமாக இருக்கும். அச்சின் நீளம் கிராங்குக்குக் கிராங்க் மாறும். தப்பான நீளம் போட்டால் செயின் கோணலாக ஓடும். புதிய வகையில் அச்சு கிராங்கோடு சேர்ந்தே வரும், பேரிங் வெளியே இருக்கும். 68 மில்லிமீட்டர் அகலமுள்ள சாதாரண மரைச் சட்டம் என்றால் இரண்டு வகையும் பொருந்தும். செயின் பக்கத்து மரை எதிர்ப்புறம் கழலும் என்பதை மறக்க வேண்டாம். இடது பெடலும் அப்படித்தான்.

மூன்றாவது, பின்பக்கம். சைக்கிளில் 8 கியர் என்றால் ஷிமானோவின் கிளாரிஸ், 9 என்றால் சோரா, 10 என்றால் டியாக்ரா வரிசையில் தேடுங்கள். இவை எடை கொஞ்சம் கூடுதல், உழைப்பில் குறைவில்லை. ஷிமானோவுக்கு ஜொகூர் பொந்தியானில் தொழிற்சாலை உண்டு. பெட்டியில் 'மலேசியத் தயாரிப்பு' என்று பார்த்தால் போலி என்று பயப்பட வேண்டாம். பின்னால் 28 பல் உள்ள கேசட் போட்டால்தான் முழுப் பலன். பழைய குட்டை டீரெய்லர் பெரும்பாலும் 27, 28 பல் வரைதான் தாங்கும். 32 வேண்டுமானால் நீண்ட கூண்டு உள்ள டீரெய்லர் தேவை, செலவு ஏறும்.

நான்காவது, முன் டீரெய்லர். பெரிய சக்கரம் 53-இலிருந்து 50 ஆகும்போது அதன் விளிம்பு 6 மில்லிமீட்டர் உள்ளே போய்விடும். டீரெய்லரையும் அந்த அளவு கீழே இறக்க வேண்டும். இறக்காமல் 'காம்பேக்ட் சரியில்லை, செயின் விழுகிறது' என்று திட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். முன்னால் 16 பல் வித்தியாசம் என்பதால், மேடு தொடங்கும் முன்பே, காலை லேசாக்கிக்கொண்டு கியரை மாற்றுங்கள்.

வேகம் குறையுமே என்ற கவலையா? 53/12-ஐவிட 50/11 பெரிய கியர். கேசட் 11 பல்லில் தொடங்கினால் இறக்கத்தில் எதையும் இழக்க மாட்டீர்கள்.

பழையது வாங்கினால் பல் நுனி சுறாத் துடுப்புபோல் கூர்ந்திருக்கிறதா, பெடல் மரை கெட்டிருக்கிறதா, பெடல் ஓட்டையைச் சுற்றிக் கீறல் இருக்கிறதா என்று வெயிலில் வைத்துப் பாருங்கள். விலையுயர்ந்தது மலிவாகக் கிடைக்கிறதே என்று பாயவும் வேண்டாம். 2012 ஜூனிலிருந்து 2019 ஜூன் வரை தயாரான ஷிமானோவின் உயர்ரக அல்டெக்ரா, டூரா-ஏஸ் 11 கியர் கிராங்குகள், ஒட்டுப் பிரியக்கூடும் என்று 2023-இல் சோதனைக்குத் திரும்ப அழைக்கப்பட்டன. கீழ்வரிசைக் கிராங்குகள் அந்தப் பட்டியலில் இல்லை.

தம்பிக்கு 90 வெள்ளிக்கு ஒரு பழைய 50/34 கிடைத்தது. புதுச் சதுர அச்சு 45, கேசட் 60, செயின் 35. மொத்தம் 230 வெள்ளி. கழற்றும் கருவி என்னுடையது. என் முதல் கிராங்கைக் கழற்றியபோது அந்தக் கருவியை முழுவதும் திருகாமல் இழுத்து மரையைச் சிதைத்தவன் நான். அதனால் இந்த முறை கடைசி மரை வரை விரலாலேயே திருகினேன். மாட்டுவதற்கு முன் சீட்டை அளந்தோம். ஒன்றரை சென்டிமீட்டர் தாழ்ந்திருந்தது. முட்டி வலிக்கு அதுவும் ஒரு காரணம். சீட்டை உயர்த்தக் காசு செலவில்லை, எல்லோரும் அதை முதலில் பாருங்கள். அதற்குப் பிறகும் வலித்தால் சைக்கிள் கடைக்குப் போகாமல் மருத்துவரிடம் போங்கள்.

போன வாரம் காலை பத்தரை மணிக்குக் கைப்பேசி அடித்தது. பின்னால் லாரிச் சத்தம், மேல்மூச்சு.

"அங்கிள், ரிங்லெட் வந்துட்டேன். தொடை எரியுது."

"முட்டி?"

கொஞ்ச நேரம் பதிலில்லை. குனிந்து தொட்டுப் பார்த்திருப்பார்.

"ஒண்ணும் தெரியல அங்கிள். மேல தானா ராத்தா இன்னும் எவ்வளவு தூரம்?"