வண்டியின் நடுக்கமும் நமது கடமையும்

மாம்பழப் பருவம் தொடங்கிவிட்டால் நத்தம் வட்டாரத்தில் மனிதருக்கும் ஓய்வில்லை, வண்டிக்கும் ஓய்வில்லை. தோப்புகளிலிருந்து கூடைகளும் பெட்டிகளும் விடியுமுன்னே மதுரைக்கும் திண்டுக்கல்லுக்கும் புறப்படுகின்றன. பருவம் முடிந்தாலோ தேங்காய், புளி, நூல் மூட்டை, நெய்த துணி என்று பாரம் மாறுகிறதேயன்றி ஓட்டம் நிற்பதில்லை. முன்பு மாட்டுவண்டி செய்த இவ்வேலையை இன்று பிக்கப் வண்டிகள் செய்துவருகின்றன. அவ்வண்டிகளின் முன்பக்கம் உதறுவதையும், ஸ்டியரிங் கையில் நில்லாமல் ஆடுவதையும் பற்றி அங்கத்தினர்களுக்குச் சில சொற்கள் கூற விரும்புகிறோம். இது மெக்கானிக்கின் காரியந்தானே என்று எவரும் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். வண்டி சங்கத்தினுடையது, அதில் செல்லும் உயிரும் சரக்கும் நம்முடையவை.

சென்ற பருவத்தில் நமக்கு நேர்ந்ததையே முதலில் சொல்லிவிடுகிறோம். வேகமெடுத்தால் ஸ்டியரிங் நடுங்குகிறது என்று ஓட்டுநர் முறையிட்டார். பழைய வண்டி அப்படித்தான் இருக்கும் என்று நாம் வாளாவிருந்தோம். நடுக்கம் மிகுந்தபின் முன் டயர் இரண்டையும் மாற்றினோம். வீல் அலைன்மென்டும் செய்வித்தோம். சில நாட்கள் அடங்கியிருந்த நடுக்கம் முன்னிலும் பலமாகத் திரும்பியது. கடைசியில் முதிய மெக்கானிக் ஒருவர் வண்டிக்கடியில் படுத்துக்கொண்டு, ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாக அசைக்கச் சொன்னார். டை ராட் முனை தேய்ந்து ஆடுவது அப்போதே கண்ணுக்குத் தெரிந்தது. அதற்குள் புதிய டயர்களும் ஓரம் தேய்ந்துவிட்டன. நோய் ஒன்றாயிருக்க, மருந்தை வேறொன்றுக்குச் செய்தோம். வீணானதோ அங்கத்தினர் பணம்.

தறியில் துணி கோணினால் நெசவாளர் உடனே நூலைக் குற்றம் சொல்வதில்லை; பாவின் இழுப்பையும் நாடாவின் ஓட்டத்தையும் பார்க்கிறார். வண்டியிலும் அம்முறையே வேண்டும். எந்த உறுப்பை மாற்றலாம் என்று கேட்குமுன், நடுக்கம் எப்பொழுது வருகிறது என்று கேட்க வேண்டும்.

மணிக்கு 60 முதல் 80 கிலோமீட்டர் வேகத்தில் தோன்றி, வேகம் மாறினால் அடங்குமாயின், பெரும்பாலும் குற்றம் சக்கரத்தின் சமநிலையில் இருக்கும். பேலன்ஸ் எடை விழுந்திருக்கலாம், ரிம் நெளிந்திருக்கலாம், டயர் புடைத்திருக்கலாம், வயற்சேறு ரிம்மின் உட்புறத்தில் காய்ந்து ஒட்டியிருந்தாலும் போதும். ஸ்டியரிங் அமைதியாயிருக்க இருக்கை மட்டும் அதிருமாயின் பின் சக்கரங்களைப் பார்க்க வேண்டும். பிரேக் மிதிக்கும்போது மட்டும் நடுங்கினால் பிரேக் டிஸ்க் சமமின்றித் தேய்ந்திருப்பதே வழக்கமான காரணம். சிறுமலையின் 18 கொண்டை ஊசி வளைவுகளில் பாரத்தோடு பிரேக்கை மிதித்தபடியே இறங்குவோர் இதை நினைவிற் கொள்வார்களாக. தாழ்ந்த கியரில் இறங்கினால் பிரேக்குக்கும் இளைப்பாறுதல் உண்டு.

இவை யாவற்றினும் கொடியது வேறொன்று. பள்ளத்திலோ பாலத்தின் இணைப்பிலோ சக்கரம் மோதியவுடன் முன்பக்கம் முழுவதும் உதறத் தொடங்கி, வேகத்தை நன்கு குறைத்தாலன்றி நில்லாத ஆட்டம் அது. ஒரே இரும்பு அச்சில் இரு முன் சக்கரங்களும் பூட்டிய வண்டிகளில் இது மிகுதி. 1920களில் காற்றழுத்தம் குறைந்த பருத்த டயர்கள் வந்தபோது மேல்நாட்டுக் கார்களையும் இத்தொல்லை பிடித்தது. முன் சக்கரங்கள் தனித்தனியே அசையும் அமைப்பு 1934இல் அமெரிக்கக் கார்களிற் பரவியதற்கு இதுவும் ஒரு காரணம். இவ்வாட்டம் நேர்ந்தால் பிரேக்கை ஓங்கி மிதித்தல் கூடாது. ஸ்டியரிங்கை உறுதியாகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை மெல்ல விட்டு, ஓரங்கட்டுவதே தக்கது.

அதன் வேரைக் காண்பது அரிதன்று. முதலில் சக்கர நட்டுகளும் காற்றழுத்தமும் சரிதானா என்று பார்க்க வேண்டும். பின்பு வண்டியை ஜாக்கியில் தூக்கி, தாங்கியும் கொடுத்து, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைக்க வேண்டும். ஆட்டம் இருந்தால் ஒருவர் பிரேக்கை மிதிக்கட்டும். அப்போது ஆட்டம் நின்றால் குற்றம் வீல் பேரிங்கில்; நில்லாவிடில் கிங் பின்னிலோ பால் ஜாயின்டிலோ உள்ளது. பக்கவாட்டில் பிடித்து அசைக்கும்போது மட்டும் ஆடினால் டை ராட் முனைகளையும் ஸ்டியரிங் பாக்ஸையும் நோக்க வேண்டும். தேய்ந்ததை மாற்றிய பின்னரே அலைன்மென்ட். முன்னதாகச் செய்வது ஆடும் தூணுக்குச் சுண்ணாம்பு பூசுவதேயாகும். நடுக்கத்தை மறைக்க ஸ்டியரிங் டாம்பரை மட்டும் மாற்றுவதும் அத்தகையதே.

இனி நம்மையே நோக்கிச் சில சொற்கள். இன்னும் நான்கு பெட்டி ஏற்றினால் என்ன என்று ஓட்டுநரை நெருக்குவோர் யார்? நாமல்லவா? பின்புறம் அளவு மீறிய பாரம் ஏறினால் முன்பக்கம் இலேசாகிறது. சக்கரம் தரையைப் பற்றுவது குறைகிறது. சிறு தேய்மானமும் பேராட்டமாகிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அதிகப் பாரத்துக்கு அபராதம் ரூ. 20,000, மிகையான ஒவ்வொரு டன்னுக்கும் மேலும் ரூ. 2,000. அபராதம் கட்டி மீளலாம். குடை சாய்ந்த வண்டியிலிருந்து போன உயிர் மீளாது. தகுதிச் சான்று இருக்கிறதே என்று அமைதி கொள்வதும் தகாது. சோதனை நாளில் வண்டி எப்படியிருந்தது என்பதையே அச்சான்று கூறும்; நேற்று பள்ளத்தில் விழுந்ததை அது அறியாது.

ஆகவே சங்கங்களின் நிர்வாகக் கமிட்டிகளுக்கு மூன்று யோசனைகள் கூறுகிறோம். வண்டிதோறும் ஒரு குறிப்பேடு வைத்து, நடுக்கம் எப்பொழுது, எந்த வேகத்தில், எவ்வளவு பாரத்தில் வந்தது என்று ஓட்டுநர் எழுதட்டும். காரியதரிசி வாரந்தோறும் அதைப் படித்துக் கையொப்பமிடட்டும். மாதம் ஒருமுறையும், பருவத்துக்கு முன்னரும் முன்பக்கத்தைச் சோதிக்கட்டும். ஸ்டியரிங் ஆடுகிறது, இன்று வண்டி எடுக்க மாட்டேன் என்று ஓட்டுநர் சொன்னால், அன்றைய கூலியைப் பிடிக்காமல் அச்சொல்லை ஏற்கட்டும். இம்மூன்றிலும் கடைசியதே முதன்மையானது. ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கும் கைக்கே நடுக்கம் முதலில் தெரியும். அக்கைக்குரியவர் அஞ்சாமல் பேசக்கூடிய சங்கமே கூட்டுறவுச் சங்கம் என்ற பெயருக்கு உரியது. அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதை எழுப்புவார்களென நம்புகிறோம்.