அத்தரைத் தாங்கும் தைலம்

உத்தரப் பிரதேசத்துக் கன்னோஜ் நகரில், ரோஜா இதழ்களைத் தண்ணீரோடு செப்புக் கொப்பரையிலிட்டு, மூடியின் விளிம்பைக் களிமண் குழைத்து அடைத்து, விறகுத் தீயில் காய்ச்சி, எழும் ஆவியை மூங்கில் குழாய் வழியே தண்ணீர்த் தொட்டியில் அமிழ்ந்திருக்கும் செப்புக் கலத்தில் இறக்கும் அத்தர்க் கலை பிரசித்தமானது. ஆனால் மலரின் மணத்தைக் கரைத்து ஏற்றுக்கொள்ள அந்தக் கலத்தில் முன்கூட்டியே வார்த்து வைக்கப்படும் சந்தனத் தைலத்தைப் பற்றி, அத்தர் வாங்குகிறவர்கள் அதிகம் யோசிப்பதில்லை.

அந்தத் தைலத்தின் விசேஷம் அதன் மூலக்கூறு அமைப்பிலேயே இருக்கிறது. அதில் பிரதானமான சாந்தலால் என்னும் பொருள், எண்ணெய்களின் சுபாவம் கொண்ட பெரிய கார்பன் உடலையும், ஆல்கஹாலின் சுபாவம் கொண்ட ஹைட்ராக்சில் தொகுதி ஒன்றையும் சேர்த்துப் பெற்றிருப்பதால், இருவகை வாசனைப் பொருள்களையும் ஏற்றுக்கொள்கிறது. சந்தனம் கிடைப்பதற்கு அரிதாகி விலை ஏறிவிட்ட நிலையில், அதற்குப் பதிலாகத் திரவப் பாரபினை வார்க்கும் பழக்கம் பரவியிருக்கிறது. அதிலோ ஹைட்ராக்சில் தொகுதி கிடையாது. ரோஜா மணத்தின் முக்கிய அம்சமான பினைல் எதில் ஆல்கஹால் பாரபினில் மிகச் சொற்பமாகவே கரையுமாதலால், மலரின் பரிமளத்தில் ஒரு பகுதி அதற்குள் புகாமலே நின்றுவிடுகிறது.

சந்தனம் இல்லாவிட்டால் அத்தரே இல்லை என்று நான் வாதிக்கவில்லை. தனித்தனியே செய்ய முடியாததைக் கரைப்பான்கள் கூடிச் செய்யும் என்பது ரசாயன சாஸ்திரம் அறிந்த உண்மை. ஈதரும் சரி, ஆல்கஹாலும் சரி, தனியாகச் சரிவரக் கரைக்க முடியாத நைட்ரோ செல்லுலோஸ், இரண்டும் கலந்த கலவையில் கரைந்துவிடுகிறது. இத்தகைய விஷயங்களைக் கணக்கிட்டு அறிய 1936-இல் ரசாயன அறிஞர் ஹில்டிபிராண்ட் வகுத்த கரைதிறன் அளவை இன்றும் பயன்படுகிறது. வாசனைத் தொழிலாளரோ தம் அனுபவத்தாலேயே இதை அறிவார்கள். ஆல்கஹாலில் அவ்வளவாகக் கரையாத, கஸ்தூரி மணமுடைய மஸ்க் கீட்டோனைப் பென்சைல் பென்சொயேட்டில் முதலில் கரைத்துக்கொண்டு, பின்னர் ஆல்கஹாலோடு சேர்ப்பார்கள். எலுமிச்சைத் தைலம் கரைந்த ஆல்கஹாலில் தண்ணீர் ஓர் எல்லையைக் கடந்துவிட்டால், அதிலுள்ள லிமோனீன் நுண்துளிகளாகப் பிரிந்து திரவம் முழுவதும் பால்போல் கலங்கிவிடுமென்பதால், அந்த விகிதத்தில் அவர்கள் காட்டும் ஜாக்கிரதை அபாரமானது.

ஆகவே தகுந்த கலவையைத் தேர்ந்தெடுப்பது குற்றமன்று. அது ஒரு வித்தை. அதை மறைத்து விற்பதே குற்றம். சருமத்தில் நேராகப் பூசிக்கொள்ளும் இப்பொருளில் மலரின் சாரத்தைவிடக் கரைப்பானே பெரும்பகுதியாயிருக்க, குப்பியின்மேல் ரோஜாவின் பெயர் மட்டும் இருந்தால் போதுமா? சந்தனத் தைலமாயின் அவ்வாறும், பாரபினாயின் அவ்வாறும், கலவையாயின் எவையெவை என்றும் அச்சிட வேண்டும். சில்லறையாக அளந்து விற்பவரும் ஒரு சீட்டாவது ஒட்டித் தர வேண்டும். இல்லையேல், நஷ்டத்தைப் பொருட்படுத்தாமல் இன்றைக்கும் சந்தனத் தைலத்தையே வார்த்துவரும் கன்னோஜ்க் கைவினைஞர், பாரபின் குப்பியோடு ஒரே பெயரில், ஒரே அலமாரியில் போட்டியிட்டுத் தோற்றுக்கொண்டேயிருப்பார்.