உழவர் வீட்டு மணவினை

திண்டிவனம் நகரை ஒட்டியுள்ள கிடங்கில், பழைய ஓய்மா நாட்டைச் சேர்ந்தது. நல்லியக்கோடன் என்னும் மன்னனுக்கு உரியதாய் விளங்கியது. அவன்மீது எழுந்த சிறுபாணாற்றுப்படை, அந்நாட்டு உழவர் மனையில் விருந்தினர்க்கு உலக்கையால் குற்றிய அரிசியின் வெண்சோறும் நண்டுக் கலவையும் கிடைக்கும் எனக் கூறுகின்றது. அவ்வுலக்கையின் ஒலியே நெல் ஆலைகள் பெருகும் வரையில் இவ்வட்டாரத்து மணவீட்டை ஊருக்கு அறிவித்து வந்தது.

விழுப்புரம், திண்டிவனம் பக்கத்து உழவர்க்கு நெல்லும் கரும்பும் நிலக்கடலையும் வாழ்வு. (நிலக்கடலையை இங்குள்ளோர் மல்லாட்டை என்பர்.) ஆடியில் நிலத்தில் வேலை, மார்கழியில் மணம் இல்லை, தை பிறந்து நெல் வீடு சேர்ந்த பின்னரே மணப்பேச்சு எழும். ஒருவர் மூங்கில் தருவார்; ஒருவர் கீற்று முடைவார்; வண்டியுடையார் வாழைமரம் ஏற்றி வருவார். பெண்டிர் கூடி நெல் அவிப்பர், மஞ்சள் இடிப்பர், உளுந்து உடைப்பர். இவற்றிற்குக் கூலி இல்லை. ஆனால் கணக்கு உண்டு. அடுத்த தையில் அவர்கள் வீட்டுப் பந்தலுக்கு இவ்வீட்டார் செல்லுதல் வேண்டும். மொய்யும் அத்தகைய கைம்மாறே.

அகநானூற்றின் 86ஆம் பாட்டில் நல்லாவூர் கிழார் ஒரு மணத்தைக் காட்டுகின்றார். உளுந்து சேர்த்துச் சமைத்த உணவு, பந்தர், புதுமணல், மகப்பெற்ற மகளிர் நால்வர் பூவும் நெல்லும் கலந்த நீரால் மணமகளை வாழ்த்தி நீராட்டுதல் ஆகியன அங்கு உள. பெண்ணின் தந்தை அளித்த பொருளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

இன்றோ மண்டபம் வாடகைக்கு வருகின்றது. சமையல் ஒப்பந்தத்திற்குப் போகின்றது. உறவினர் உண்ணும் வேளைக்கு வந்து மீள்கின்றனர். கை கொடுத்தவர் விருந்தினராகிவிட்டமையால், அக்கைகளின் வேலை அனைத்தும் தந்தையின் கடனாகிவிட்டது. முன்னர் உழவர் பலரிடையே மணமகன் வீட்டாரே பரிசம் அளித்தனர். நாற்று நடவும் களை பறிக்கவும் வல்ல மகளைப் பிரியும் வீட்டிற்கு அஃது ஈடு. பெண்ணை விலைப்பொருளாக்கிய வழக்கம் அது என்பாரும் உளர். அதிலும் உண்மை உண்டு. ஆயினும், அவ்வுழைக்கும் மகளுக்காகத் தந்தையே பொன்னும் பணமும் அளிக்கும் இற்றை முறை எவ்வகையில் உயர்ந்தது? 1961இல் வரதட்சணைத் தடைச் சட்டம் வந்தது. பெயரைச் ‘சீர்’ என மாற்றிக்கொண்டு அவ்வழக்கம் வாழ்கின்றது. இரண்டு ஏக்கர் உடையவன் ஓர் ஏக்கரை விற்று மகளை அனுப்பியபின், மகனுக்கு எஞ்சுவது பாதி நிலமும் முழுக் கடனும்.

மீண்டும் உலக்கையை எடுங்கள் என்று யான் கூறேன். ஆலை வந்தது பெண்டிர் தோள்களுக்கு நன்மையே. மழைநாளில் மண்டபமும் வேண்டுவதே. பந்தலையும் சமையலையும் உறவினர் பகிர்ந்து செய்தல் மட்டும் இன்றும் இயலாததன்று. பரிசம் போடும் நாளிலேயே இரு வீட்டாரும் அமர்ந்து, இன்னார் இன்னது செய்வார் என எழுதிக்கொள்ளலாம். விதைநெல்லையும் உழவுக்கு வேண்டும் பணத்தையும் முதலில் ஒதுக்கிவிட்டு, எஞ்சியதைக்கொண்டு மணச்செலவைத் தொடங்கலாம். அன்று நிலப்பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்.