அரிசி மட்டும் போதுமா?

ஐப்பசி பிறந்தால் அடைமழை வரும் என்பது நம் நாட்டில் சின்னக் குழந்தைக்கும் தெரியும். ஆனால் வெள்ளம் குடிசைக்குள் புகுந்த பிறகுதான், எதிர்பாராத விருந்தாளி வந்துவிட்டதைப் போல, சர்க்கார் இயந்திரம் ஓடத் தொடங்குகிறது.

2015 டிசம்பரில் சென்னை மூழ்கியது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையேறி, டெல்டாவைச் சூறையாடியது. மின்கம்பங்கள் சாய்ந்தன, பல கிராமங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை, மோட்டார் ஓடாததால் குடிதண்ணீர்த் தொட்டிகள் காலியாகின. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரை ஊர்கள் தத்தளித்தன.

நிவாரணம் என்றவுடன் அரிசி என்கிறோம், வேட்டி சேலை என்கிறோம். அவை வேண்டியவைதான். ஆனால் பசி மட்டுமா எதிரி? வெள்ளம் வடியும்போது கக்கூஸ் குழியும் சாக்கடையும் கிணறும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. வயிற்றுப்போக்கும் டைபாயிடும் மஞ்சள் காமாலையும் அந்தத் தண்ணீரில் வருகின்றன. எலியின் மூத்திரம் கலந்த சேற்றில் வெறுங்காலுடன் நிற்பவனின் வெடிப்பு வழியே எலிக்காய்ச்சல் உடம்பில் ஏறுகிறது. வரப்பிலும் வாய்க்காலிலும் நிற்கும் விவசாயத் தொழிலாளிதான் இதற்கு முதல் பலி. இந்த நோய்களுக்கு எதிரான முதல் ஆயுதங்கள் மிகச் சாதாரணமானவை: சோப்பு, பிளீச்சிங் பவுடர், மூடியுள்ள சுத்தமான குடம். நிவாரண மூட்டையில் இவை வரலாம். ஆனால் அது வருவதற்குள் நோய் வந்துவிடுகிறது. ஆகவே இவை மழைக்கு முன்பே கையில் இருக்க வேண்டும்.

"ஒரு மாதத்துக்கு வேண்டிய சோப்பு, பேஸ்ட், பினாயில் எல்லாவற்றையும் வாங்கி அடுக்கி வையுங்கள்" என்று சிலர் புத்தி சொல்கிறார்கள். நல்ல புத்திதான், யாருக்கு? அலமாரி உள்ளவனுக்கு! நம் வீட்டிலோ கூலி அன்றாடம், சோப்பும் அன்றாடம். மொத்தமாக வாங்கக் காசில்லாததால் சின்னப் பாக்கெட்டாக வாங்குகிறோம். இந்த லட்சணத்தில் சோப்புக்கு வரி வேறு! 2017 ஜூலை முதல் குளியல் சோப்புக்கு 18 சதவீதம் வசூலித்தார்கள். 2025 செப்டம்பர் 22 முதல்தான் அது 5 சதவீதமாயிற்று. பெண்களின் மாதவிடாய் நாப்கினுக்கும் 12 சதவீதம் போட்டு, நாடெங்கும் பெண்கள் எதிர்த்துக் குரல் எழுப்பிய பின், 2018 ஜூலையில் அந்த வரியை நீக்கினார்கள்.

தனி வீட்டால் முடியாததைத் தெருவால் செய்ய முடியும். ஆலைத் தொழிலாளிக்குத் தீபாவளி போனஸ் வரும் காலமும், வயலில் குறுவை அறுப்புக் கூலி கிடைக்கும் காலமும் மழைக்கு முந்திய காலமே. அப்போது பத்து வீடு சேர்ந்து வீட்டுக்கு இவ்வளவு என்று போட்டு, சோப்பைப் பெட்டியாக வாங்குங்கள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்குப் பதினைந்து நாளைக்கு மூன்று குளியல் சோப்பும் நான்கு சலவை சோப்பும் இருந்தால் சமாளிக்கலாம். அத்துடன் குளோரின் மாத்திரை, நாப்கின் அல்லது வெயிலில் உலர்த்திய சுத்தமான துணி, குழந்தைகளுக்கு மாற்றுத் துணி. இவற்றைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி உத்தரத்தில் தொங்கவிடுங்கள். பொதுச் சரக்கை மேட்டிலுள்ள வீட்டில் வையுங்கள்.

பிளீச்சிங் பவுடரைப் பற்றி ஒரு எச்சரிக்கை. காற்றும் வெளிச்சமும் ஈரமும் பட்டால் அதன் வீரியம் போய்விடும். போன வருஷத்து மூட்டை வெறும் சுண்ணாம்புக்குச் சமானம். புதிதாக வாங்கி, இறுக மூடும் பிளாஸ்டிக் டப்பாவில், குழந்தைகள் கைக்கு எட்டாமல் வையுங்கள். தெளிந்த தண்ணீரானால் 1,000 லிட்டருக்கு நல்ல பவுடர் 2.5 கிராம் போதும். வெள்ளம் புகுந்த கிணற்றுக்கு அதிகம் வேண்டும். அளவைச் சோதித்துச் சொல்வது சுகாதார ஆய்வாளரின் கடமை. அவரை அழைத்து வாருங்கள். பவுடரை வாளியில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் தங்கியதும், தெளிந்த நீரை மட்டும் கிணற்றில் கலக்க வேண்டும். ஒரு மணி நேரம் கழித்தே தண்ணீர் இறைக்க வேண்டும். கக்கூஸ் கழுவும் ஆசிட்டுடன் இந்தப் பவுடரை ஒருபோதும் கலக்காதீர்கள், விஷவாயு கிளம்பும். வெள்ளத்தில் நின்றவருக்குக் காய்ச்சல் கண்டால், தாமதிக்காமல் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய், தண்ணீரில் நின்றதை டாக்டரிடம் சொல்லுங்கள்.

இவ்வளவையும் நாம் செய்தால் சர்க்காரின் பொறுப்பு தீர்ந்துவிடுமா? தீராது! 2023 மிக்ஜாம் புயலுக்குப் பின் குடும்பத்துக்கு 6,000 ரூபாயை ரேஷன் கடை மூலம் கொடுக்க முடிந்தது. அதே கடை மூலம் மழைக்கு முன்பே சோப்பைக் கொடுக்க முடியாதா? நாம் கோருவது இதுதான்:

1. புரட்டாசி முடிவதற்குள், வெள்ள அபாயமுள்ள ஊர்களில் ஒவ்வொரு ரேஷன் கார்டுக்கும் சோப்பு, குளோரின் மாத்திரை, நாப்கின் இலவசமாகக் கொடு!

2. ஒவ்வொரு பஞ்சாயத்திலும் புதிய பிளீச்சிங் பவுடர் இருப்பு வை. எவ்வளவு, என்று வந்தது என்பதைப் பலகையில் எழுது!

3. புயல் காப்பகங்களில் பெண்களுக்குத் தனிக் கக்கூசும், தண்ணீரும், சோப்பும் உறுதி செய்!

4. ஊர் அழுக்கை அள்ளும் தூய்மைப் பணியாளர்களுக்கு, ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்வோர் உட்பட, கையுறை, பூட்ஸ், சோப்பு கொடு! ஊரைக் கழுவுகிறவன் தன் கையைக் கழுவச் சோப்பில்லை என்றால் அது நாட்டுக்கே வெட்கக்கேடு!

தோழர்களே! இதை அற்ப விஷயமென்று ஒதுக்காதீர்கள். கூலிக்குப் போராடுகிறோம், அந்தக் கூலியை வயிற்றுப்போக்குக்கும் காய்ச்சலுக்கும் பறிகொடுக்கலாமா? இந்த ஞாயிற்றுக்கிழமையே தெருவில் கூடுங்கள். பெண்களை முன்னே வைத்துப் பட்டியல் போடுங்கள். ஒரு பிரதியைத் தெருவில் ஒட்டுங்கள். மறு பிரதியை ஊர்வலமாகச் சென்று தாசில்தாரிடம் கொடுங்கள். மழை நமக்காகக் காத்திருக்காது. நாமும் வெள்ளத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்!